சிறிய ஊரில் மூன்று நாள் கோடைக் கலை விழா: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சுமார் 15,000 பேர் வாழும் எங்கள் ஊரில் கோடையில் மூன்று நாள் கலை விழா நடத்த நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். இசை, ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை, உரைகள் மூன்றும் வேண்டும் என்று ஆசை. பெரிய மைதானம் ஒன்று கிடைக்கும். பெயர் பெற்ற கலைஞர் ஒருவரை முதலில் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும் என்கிறார் எங்களில் ஒருவர். சரியா? மழை வந்தால் என்ன செய்வது? போஸ்டரில் ‘முதலாம் ஆண்டு’ என்று போடலாமா?

பதில்:

பெரிய பெயர் கூட்டத்தைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் வரிசையில் இருக்கிறது. பெயரை முதலில் பிடித்தால் அவருக்குக் கொடுக்கும் தொகை டிக்கெட் விலையை முடிவு செய்யும். அந்த விலைக்கு எத்தனை பேர் வந்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டால் மைதானம் தேவைப்படும். மைதானம் என்றாலே பெரிய மேடை, ஜெனரேட்டர், தடுப்புகள், தற்காலிகக் கழிவறைகள், பாதுகாப்பு ஆட்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது ஓர் இரவுக் கச்சேரி. மற்ற இரண்டு நாளும் அதன் வால்.

15 ஆண்டுகளாக இப்படிப்பட்ட விழாக்களில் நிகழ்ச்சி அமைப்பு, மேடை நிர்வாகம் என்று ஏதாவது ஒரு மூலையில் வேலை செய்துவருகிறேன். மேலே சொன்ன கதை என் கண்ணெதிரே நடந்தது. சனிக்கிழமை இரவு மைதானம் நிரம்பி வழிந்தது. ஞாயிறு காலை 400 பேர் உட்காரும் அரங்கில் ஓர் அருமையான வரலாற்று உரை; கேட்டவர்கள் 11 பேர். அந்தப் பதினொன்றில் ஒலிபெருக்கிக்காரரும் ஒருவர். பேசியவர் நொந்துகொள்ளாமல் பேசி முடித்தார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கலைஞர்களின் பட்டியலை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடங்கள். கூரையும் நான்கு சுவரும் உள்ள இடம் எதுவானாலும் உள்ளே போய்ப் பாருங்கள்: பள்ளி அரங்கம், நூலகம், பழைய கிடங்கு, வழிபாட்டுத் தலத்தின் கூடம், மூடிக் கிடக்கும் திரையரங்கு, கட்டடத்தின் அடித்தள அறை. எத்தனை நாற்காலி கொள்ளும், கூரை எவ்வளவு உயரம், பகலில் இருட்டாக்க முடியுமா, மின்விசிறி எவ்வளவு சத்தம் போடுகிறது, கலைஞர் உள்ளே வரத் தனி வாசல் உண்டா, சக்கர நாற்காலி படியில் முட்டிக்கொண்டு நிற்குமா, பக்கத்தில் என்ன சத்தம் எத்தனை மணிக்குக் கேட்கும். இவ்வளவையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வோர் இடத்திலிருந்தும் அடுத்த இடத்துக்கு வயதானவர் ஒருவர் நடக்கும் வேகத்தில் நடந்து பார்த்து நிமிடத்தைக் குறியுங்கள். பெரிய நகரத்து விழாவால் வாங்க முடியாத ஒன்று உங்களிடம் இருப்பது இந்தக் கணக்கில்தான் தெரியவரும்: எல்லாமே பத்து நிமிட நடை.

ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டி, ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். இசை, நகைச்சுவை, உரை மூன்றையும் ஒரே விழாவில் வைப்பதன் ரகசியம் பெரும்பாலும் அந்தக் கைத்தட்டலில் இருக்கிறது. ஒரு சத்தம் 60 டெசிபெல் குறைய, அதாவது ஏறக்குறைய கேட்காமல் போக, எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒலியியலாளர்கள் அளப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா அரங்குகளில் அது 2 விநாடியை ஒட்டி இருந்தால் இசை செழிப்பாகக் கேட்கும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் 1 விநாடிக்குள் அடங்க வேண்டும். அதாவது பாட்டுக்கு அழகு சேர்க்கும் அதே கூடம் பேச்சைக் குழப்பிவிடும். உயர்ந்த கல் கூடத்தில் துணை வாத்தியம் இல்லாத குரலும் புல்லாங்குழலும் மேலே போய் மிதக்கும். அதே இடத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் முதல் சொல் அடங்குவதற்குள் நான்காவது சொல் வந்து அதன் மேல் ஏறிக்கொள்ளும். மைக்கின் ஒலியைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடும். நூலகத்தில் நிலைமை நேர்மாறு. அலமாரி நிறையப் புத்தகங்கள் ஒலியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால் 60 பேர் கூடிய இடத்தில் மைக் இல்லாமலே பேசலாம். இன்னொன்று, காலியாக இருக்கும்போது கணகணவென்று இருக்கும் அறை ஆட்கள் நிரம்பியதும் அடங்கும். மனித உடலும் உடையும் ஒலியை விழுங்கும். நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சோதிக்கும் சவுண்ட் செக்கில் கேட்டதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.

நகைச்சுவைக்கு அறை தேடுவதுதான் கடினம். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒரு விழாவில் மாலை நான்கு மணிக்கு வெள்ளைத் துணிப் பந்தலின் கீழ் ஸ்டாண்ட்-அப் வைத்தேன். வெளிச்சம் பால் போல ஊடுருவிக்கொண்டிருந்தது. ஓர் அடித்தள அறையில் 60 பேரை மூச்சு முட்டச் சிரிக்க வைத்ததை நானே பார்த்து, அதற்காகவே அழைத்த கலைஞர் அவர். அதே நகைச்சுவை, அதே வரிசை. இருபது நிமிடம் ஈரவிறகை ஊதுவது போல ஊதினார், பற்றவில்லை. இறங்கி வந்தவர் கோபப்படவில்லை. கூட்டம் நல்ல கூட்டம்தான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறதே என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதுதான் விஷயம். சிரிப்பு தனியாக வருவதில்லை. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன் என்ற நரம்பியலாளர், மனிதர்கள் தனியே இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாகக் கண்டார். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும் சத்தம் நம் காதில் விழ வேண்டும். அதே நேரம் நாம் சிரிப்பதை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியமும் வேண்டும். இருட்டு, தாழ்ந்த கூரை, தோளோடு தோள் உரசும் நாற்காலிகள் மூன்றும் சேர்ந்து இதைத்தான் செய்கின்றன. கூரை தாழ்வாக இருந்தால் சிரிப்பு அடித்துத் திரும்பி வரும். திறந்தவெளியில் அது போனது போனதுதான்.

மைதானத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் நகைச்சுவையின் கடைசிச் சொல் விழ 0.2 விநாடி; அவர் சிரிப்பு மேடைக்கு வர இன்னொரு 0.2 விநாடி. மொத்தம் 0.4 விநாடி என்பது நமக்குச் சின்னதாகத் தெரியலாம். அடுத்த வரியை எப்போது எடுப்பது என்று சிரிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத் தீர்மானிப்பவருக்கு அது பெரிய தூரம். முன்வரிசை சிரித்து ஓயும்போது பின்வரிசை தொடங்கும். அவர் யாருக்காக நிறுத்துவார்?

எனவே ஊரிலேயே அழகில்லாத, தாழ்வான, ஜன்னல் இல்லாத அறை எதுவோ அதை நகைச்சுவைக்கு ஒதுக்குங்கள். 80 டிக்கெட் விற்றிருந்தால் 80 நாற்காலி மட்டும் போடுங்கள். 200 நாற்காலியில் 80 பேர் உட்கார்ந்தால் அது தோல்வி போலத் தெரியும். 80-க்கு 80 என்றால் அரங்கு நிறைந்த காட்சி. நாற்காலிகளை அகற்ற முடியாத அரங்கமானால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வருகிறவர் எல்லோரும் முதலில் அங்கேதான் போய் உட்காருவார்கள். நடுவில் நடைபாதை விடாமல் இரு ஓரங்களிலும் விடுங்கள். கலைஞர் நேராகப் பார்க்கும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும், வெற்றுத் தரை இருக்கக் கூடாது. வாசல் மேடைக்குப் பின்னால் இருக்கும் அறை என்றால் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு மேடையை எதிர்ச்சுவருக்குக் கொண்டு போங்கள்; இல்லையேல் தாமதமாக வருகிற ஒவ்வொருவரும் நிகழ்ச்சியின் நாயகராகிவிடுவார். குழந்தைகளுக்கு உகந்ததா இல்லையா என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். இதில் கூச்சம் காட்டியதால் வந்த வினையை நடுநிகழ்ச்சியில் ஒரு குடும்பம் மொத்தமாக எழுந்து போகும்போது அனுபவித்திருக்கிறேன்.

இசைக்கு வருவோம். மைதானம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு மாலை, சூரியன் சாய்ந்தபின், எல்லோரும் ஒன்றாக நிற்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி அங்கே இருக்கட்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பதால் மேடையில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை அலற விட்டுப் பின்வரிசையை எட்டப் பார்க்காதீர்கள். முன்னால் இருப்பவர் காதுதான் போகும். நடுவழியில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து, மேடை ஒலியோடு ஒத்துப்போகும்படி தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவர் இதைக் கேட்டு முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரே மேடையில் பல குழுக்கள் வாசிப்பதாக இருந்தால் சவுண்ட் செக்கைத் தலைகீழ் வரிசையில் வையுங்கள்: கடைசியாக வாசிப்பவர் முதலில், முதலில் வாசிப்பவர் கடைசியில். அப்போதுதான் நிகழ்ச்சி தொடங்கும்போது தொடக்கக் குழுவின் மைக்குகள் வைத்த இடத்திலேயே இருக்கும். குழுக்களுக்கு இடையில் 20 நிமிடம் வேண்டும். பத்து நிமிடம் போதும் என்று உங்களிடம் சொல்பவர் மேடையில் ஒயர் சுருட்டிய ஆளாக இருக்க மாட்டார். பியானோ இருந்தால் இடம் மாற்றியபின் சுருதி சேர்க்க வேண்டும், வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. நரம்பு வாத்தியக்காரர்களும் இதையே சொல்வார்கள்.

உரைகளுக்கு அதிகம் வேண்டாம். ஒரு மணி நேரம். அதில் 40 நிமிடம் பேச்சு, மீதி கேள்வி. கேள்வி கேட்பவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். கேள்வி என்ற பெயரில் இரண்டாவது உரை தொடங்கும் ஆபத்து எல்லா ஊரிலும் உண்டு. உண்மையில் உரையின் வெற்றி பேச்சாளரைவிட அவரோடு உரையாடுபவரைப் பொறுத்தது. ஊரில் நன்றாகப் படிக்கிற, தன்னைப் பற்றிப் பேசாத ஒருவரை இப்போதே தேடி வையுங்கள். இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது.

அறையிலிருந்து தொடங்குவதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஆல்ட்பரோ ஒரு மீன்பிடி ஊர். 1948-இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், பாடகர் பீட்டர் பியர்ஸ், எரிக் க்ரோஸியர் மூவரும் அங்கே விழா தொடங்கியபோது புதிய அரங்கம் எதையும் கட்டவில்லை. ஊரின் சிறிய ஜூபிலி ஹாலும் தேவாலயமும் போதும் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குப் பொருந்தும் நிகழ்ச்சிகளை அமைத்தார்கள். இசையோடு உரையும் இருந்தது: அந்த ஊரில் பிறந்த கவிஞர் ஜார்ஜ் க்ராப் பற்றி நாவலாசிரியர் ஈ. எம். ஃபாஸ்டர் பேசினார். முதல் விழாவைப் பற்றி அவர் எழுதியதில் ஓர் உள்ளூர்க்காரர் வருகிறார். உள்ளூர் விழாவாயிற்றே என்ற கடமைக்காக டிக்கெட் வாங்கியவர். தொடங்கும் முன் ஆறு பென்சுக்குக்கூட அதை யாருக்காவது தள்ளிவிட்டிருப்பாராம், முதல் இடைவேளையில் பத்து பவுண்டு தந்தாலும் கொடுக்க மாட்டேன் என்றாராம். உங்கள் விழாவுக்கு வரப்போகும் பாதிப் பேர் இந்த மனிதர்தான். கடமைக்கு வருவார்கள். இடைவேளையில் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை 2,000 பேர்கூட இல்லாத ஊர். பழைய புத்தகக் கடைகளால் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தது. 1988-இல் அங்கே தொடங்கிய விழா புத்தகத்தையும் பேச்சையும் மையமாக வைத்தது. ஊரிடம் என்ன இருந்ததோ அதிலிருந்துதான் முளைத்தது. உங்கள் ஊரில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏழு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் வுட்ஸ்டாக் ஊர்க் கதை. (1969-இல் நடந்த அந்தப் புகழ்பெற்ற ராக் விழா உண்மையில் அந்த ஊரில் நடக்கவில்லை, பெத்தல் என்ற ஊர்ப் பண்ணையில் நடந்தது. அது வேறு.) அங்கே ஹார்வி வைட் என்பவர் மேவரிக் என்ற கலைஞர் குடியிருப்பை நடத்திவந்தார். கிணறு தோண்டிய செலவை ஈடுகட்ட 1915 கோடையில் ஒரு திறந்தவெளி விழா நடத்தினார். வேடமணிந்து வந்தார்கள், ஆடினார்கள், நாடகம் போட்டார்கள். ஆண்டுதோறும் நடந்தது; கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது; கட்டுக்கடங்காமல் போய் 1931-உடன் நின்றுவிட்டது. ஆனால் அதே வைட் 1916-இல் காட்டுக்குள் மரத்தால் ஒரு சின்ன இசைக்கூடம் எழுப்பியிருந்தார், பெரிய கொட்டகை என்று சொல்லலாம். கோடை ஞாயிறுகளில் அறை இசை, அதாவது சில வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது. அது இன்றுவரை நடக்கிறது. பெரிய கொண்டாட்டம் 16 ஆண்டு தாங்கியது, கொட்டகை நூறாண்டைத் தாண்டிவிட்டது.

ஜான் கேஜ் இசையமைத்த, வாத்தியக்காரர் ஒரு சுரம்கூட வாசிக்காத 4 நிமிடம் 33 விநாடிப் படைப்பு முதன்முதலாக அரங்கேறியதும் அந்தக் கொட்டகையில்தான், 1952 ஆகஸ்ட் 29 அன்று. டேவிட் டியூடர் பியானோ முன் வெறுமனே உட்கார்ந்திருந்தார். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி, மூன்றாவதில் பொறுமையிழந்த கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டதாகக் கேஜ் பிறகு சொன்னார். காட்டைப் பார்த்துத் திறந்த மரக்கொட்டகை என்பதால்தான் கேட்பதற்கு அவ்வளவு இருந்தது. ஒலி புகாத நவீன அரங்கில் மின்விசிறியின் இரைச்சல்தான் கேட்டிருக்கும். நீங்கள் இதை முயல வேண்டாம், முதல் விழாவிலேயே டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

நிகழ்ச்சி நிரலுக்கு வருகிறேன். சின்ன ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சி வைக்காதீர்கள். உரைக்கு வருபவரும் கச்சேரிக்கு வருபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அவரை நீங்களே இரண்டாக வெட்டினால் இரண்டு அரங்கும் பாதி காலி. இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே முக்கால் மணி நேரம் விடுங்கள். ‘சும்மா கிடக்கும் நேரம் அதிகமாக இருக்கிறதே’ என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த முக்கால் மணியில்தான் பேச்சாளரும் கேட்டவரும் ஒரே தெருவில் நடந்து அடுத்த இடத்துக்குப் போவார்கள், மரத்தடியில் நின்று சண்டை போடுவார்கள், நேற்றுச் சிரிக்க வைத்தவர் இன்று பக்கத்து நாற்காலியில் உரை கேட்டுக்கொண்டிருப்பார். கலைஞர்களையும் அன்றே அனுப்பிவிடாமல் முடிந்தால் இன்னொரு நாள் தங்க வையுங்கள். மேடையேறிய முகங்கள் தெருவில் தென்படுவதுதான் சிறிய ஊர் விழாவின் சுவை.

கோடை வெயிலை எதிர்த்து நிற்க முடியாது. காலையில் வாத்திய இசை, உச்சிவெயிலில் சுவருக்குள் உரை, மாலை சாய்ந்ததும் திறந்தவெளி, இரவு ஒன்பதுக்கு மேல் நகைச்சுவை. நகைச்சுவையைக் கடைசியில் வைப்பதற்கு இருட்டு மட்டும் காரணமில்லை. பகலெல்லாம் ஒன்றாகச் சுற்றிய கூட்டம் அதற்குள் ஒருவருக்கொருவர் பழகியிருக்கும். பழகிய கூட்டம் சீக்கிரம் சிரிக்கும். கெட்டிக்காரக் கலைஞர்கள் காலை உரையில் நடந்ததைக்கூடத் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நொடியில் மூன்று தனித்தனி நிகழ்ச்சிகளாக இருந்தது ஒரே விழாவாகும்.

பணம். டிக்கெட் பணத்தில் விழா தன்னைத் தானே தாங்கும் என்று யாராவது காகிதத்தில் போட்டுக் காட்டினால் அந்தக் காகிதத்தில் ‘அரங்கு முழுவதும் நிறையும்’ என்று எங்கோ எழுதியிருக்கும். நான் பாதி அரங்கு என்றுதான் கணக்குப் போடுவேன். மீதிக்கு நன்கொடையாளர், ஸ்பான்சர், ஊர் நிர்வாகம் என்று இருக்கும் கதவுகளையெல்லாம் தட்ட வேண்டும். தட்டுவதற்கு ஆறு மாதம் வேண்டும். கலைஞர்களிடம் தொகை பேசும்போது இரண்டு வழி உண்டு: வசூல் எப்படியானாலும் இவ்வளவு என்று உறுதித் தொகை, அல்லது வசூலில் பங்கு. இரண்டையும் கலந்து, குறைந்த உறுதித் தொகையோடு ஒரு பங்கும் தருவது புதிய விழாவுக்கு நல்லது. அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் இடி இல்லை. எதுவாக இருந்தாலும் எழுத்தில் வையுங்கள், ரத்தானால் யார் எதைத் தர வேண்டும் என்பது உட்பட. எல்லாவற்றையும் இலவசமாக வைக்காதீர்கள். இலவச டிக்கெட்டைப் பதிவு செய்பவர்களில் கணிசமானோர் வர மாட்டார்கள். அறையில் காலி நாற்காலிகளும் வெளியே இடம் இல்லை என்று திரும்பியவர்களும் ஒரே நேரத்தில் இருப்பார்கள்.

உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள். ‘நம்ம பிள்ளைகள்தானே, மேடை கிடைத்ததே பெரிது’ என்ற பேச்சு உங்கள் கூட்டத்தில் எழும். எழுந்த இடத்திலேயே அமுக்குங்கள். வெளியூர்க்காரருக்கு மாலை ஏழு மணி, உள்ளூர்க்காரருக்குப் பகல் மூன்று மணி என்ற பிரிவினையும் வேண்டாம். பிறருடைய பாட்டை வாசிப்பதற்கும் உரிமத்தொகை உண்டு, அந்தந்த நாட்டின் இசை உரிமைச் சங்கத்திடம் கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு பிறந்த கதை சுவையானது. 1847-இல் பாரிஸின் ஓர் இசை விடுதியில் உட்கார்ந்திருந்த எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் தன் படைப்பு அங்கே வாசிக்கப்படுவதைக் கேட்டார். நீங்கள் என் பாட்டுக்குக் காசு தரவில்லை, நான் குடித்ததற்குக் காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் பக்கம் வென்றது. 1851-இல் பிரான்சில் சாசெம் என்ற உரிமைச் சங்கம் உருவானது. காப்பீடு, தீயணைப்பு அனுமதி, ஒலி அனுமதி இவையெல்லாம் அலுப்பான வேலை. உங்கள் ஏழு பேரில் படிவம் நிரப்பச் சலிக்காத ஒருவரிடம் முழுதாக ஒப்படைத்துவிடுங்கள், குழுவாகச் செய்யாதீர்கள்.

மழை. மாற்று இடம் இல்லாத திறந்தவெளி நிகழ்ச்சியை நிரலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரே ஒரு மைதான நிகழ்ச்சி போதும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். ஒன்றைச் சுவருக்குள் மாற்றலாம், ஆறை மாற்ற முடியாது. மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவை எத்தனை மணிக்கு, யார் எடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஒரே ஆளாக இருக்க வேண்டும், அவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. மின்னலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மேடையை நிறுத்திக் கூட்டத்தைக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தொடங்காதீர்கள். பந்தல்காரரிடம் எந்தக் காற்று வேகம்வரை தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். ‘எதுவும் ஆகாது சார்’ என்பது பதில் அல்ல.

மாற்று இடம் வைத்திருப்பது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஆல்ட்பரோவுக்கே திரும்பிப் போகலாம். அந்த விழா வளர்ந்து, பக்கத்து ஸ்னேப் என்ற ஊரின் பழைய தானியக் கட்டடம் ஒன்றை 1967-இல் பெரிய இசையரங்காக மாற்றியது. இரண்டே ஆண்டு. 1969 விழாவின் முதல் இரவு அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. விழா நிற்கவில்லை. அரங்கேற இருந்த மோட்சார்ட் ஓபெராவை அக்கம்பக்கத்து ஊர்த் தேவாலயம் ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். மற்ற நிகழ்ச்சிகளும் கிடைத்த கூடங்களில் நடந்தன. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அரங்கத்தைத் திரும்பவும் கட்டிவிட்டார்கள். இருபது ஆண்டு சின்னக் கூடங்களிலேயே நடத்திப் பழகிய கை அது.

அழைக்காமல் வருபவர்களுக்கும் ஒரு சந்து விட்டு வையுங்கள். 1947-இல் எடின்பரோவில் முதல் சர்வதேச விழா நடந்தபோது அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாக வந்து ஊரின் ஓரங்களில் கிடைத்த இடத்தில் நடித்தன. இப்படி நடப்பதற்கு ‘ஃப்ரிஞ்ச்’ (ஓரம்) என்ற பெயர் அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. இன்று அது தாய் விழாவைவிடப் பெரியது. எடின்பரோ பெரிய நகரம், உங்களோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் எங்கள் பாட்டுக் குழுவைச் சேர்க்கவில்லையே என்று கேட்டு ஒருவர் வரத்தான் போகிறார். அவரிடம் மறுப்புச் சொல்வதற்குப் பதில், இந்தத் தெருமுனை, இந்த நேரம், ஒலிபெருக்கி கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

போஸ்டரில் ‘முதலாம் ஆண்டு’ வேண்டாம். ஊர்ப் பெயர், தேதி, இடங்களின் பெயர்கள் போதும். மூன்றாம் நாள் இரவு நாற்காலிகளை அடுக்கும்போது உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் இன்னும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு பேர் தேறினால் அடுத்த கோடைக்கு அரங்கத்தை அன்றிரவே பதிவு செய்யுங்கள், நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும்.